சுபஸ்ரீ சாவுக்கு ஒரு வேன்

சுபஸ்ரீயை இன்று சாயங்காலத்துக்குள் சாகடித்துவிடுவது என்று அன்புச்செல்வன் முடிவு செய்தபோது, உரக்கடையில் உட்கார்ந்து யூரியா மூட்டைக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தான். வேறு வழி இல்லை. வீட்டில் விஜயலட்சுமி முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்து வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சுபஸ்ரீயைப் பார்க்கப் போயே தீர வேண்டுமாம்.

சிக்கல் என்னவென்றால், சுபஸ்ரீ இருப்பது ஒரு நாவலில்.

அன்புச்செல்வனுக்குப் புதுசு புதுசாக நாவல் வாங்கிப் படிக்கிற வியாதி. கள்ளக்குறிச்சியில் புத்தகத் திருவிழா போட்டால் ஊரே டெல்லி அப்பளம் தின்றுவிட்டுத் திரும்பும். இவன் மட்டும் பை நிறைய நாவலோடு வருவான். படித்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. படித்ததை யாரிடமாவது பேச வேண்டும். இப்போது வருகிற நாவல்களில் ஒருத்தரும் வயிறாரச் சாப்பிடுவதில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்க்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்திலேயே புருஷன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். அப்புறம் கேஸ் சிலிண்டரை யார் உருட்டி உள்ளே வைப்பது என்று எந்த எழுத்தாளரும் எழுதுவதில்லை. இப்படி அவன் நெஞ்சில் ஏகப்பட்டது முட்டிக்கொண்டு நின்றது.

கேட்கத்தான் ஆள் இல்லை. கடை முதலாளி ராமசாமியிடம் ஒருமுறை ஆரம்பித்துப் பார்த்தான். "கத கெடக்கட்டும், டிஏபி எத்தினி மூட்ட இருக்குது, அத்த சொல்லு" என்றார் அவர்.

மகள் ரம்யா சேலத்துக்குப் படிக்கப் போனபின் வீட்டிலும் பேச்சு வற்றிவிட்டது. "சோறு போடவா?" "போடு." "மோட்டார நிறுத்தியாச்சா?" "ஆச்சு." அவ்வளவுதான் ஒரு நாள் குடித்தனம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண்டாட்டிக்காக ஏங்குகிறேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் ஏங்கத்தான் செய்தான்.

ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாவம் சுபஸ்ரீ, புருஷங்காரன் சொல்லாம கொள்ளாம போய்ட்டான். அவ தெனமும் அவனுக்கும் ஒரு தட்டு வச்சிட்டு உக்காந்துக்கினு இருக்கா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

"யாருங்க அது?" விஜயலட்சுமியின் குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

நாவல் என்றால் கரண்டி இறங்கிவிடும். "நம்ம கடைக்கு உரம் வாங்க வர்றவ. நைனார்பாளையம்."

"நைனார்பாளையத்துல சுபஸ்ரீயா?"

"படிச்ச குடும்பம்."

அன்று பிடித்தது யோகம். காலையில் நாலு பக்கம் படிப்பான். பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து, நாவலை அரிசி டிரம் மேல் போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்புவான். சாயங்காலம் அந்த நாலு பக்கமும் நைனார்பாளையத்துச் சேதியாக வெளியே வரும். விஜயலட்சுமி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்பாள். "சுபஸ்ரீயோட கூட்டாளி ஒருத்தி வர்றாளே, அவ இவளுக்கு நல்லது பண்றவ மாரி தெரியலயே" என்பாள். அடுத்த வாரம் படித்தால் கதையிலும் அப்படியே இருக்கும். என் பெண்டாட்டிக்கு என்ன அறிவு என்று பூரித்துப்போவான். பஸ் டிக்கெட் அவ்வப்போது இடம் மாறிக் கிடக்கும். வயசாகிறது, ஞாபகம் தப்புகிறது என்று நினைத்துக்கொள்வான்.

முறுக்கில்தான் வந்தது வினை.

"ஒத்தப் பொம்பளயா கெடக்கறா. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாங்க."

"அவ உளுந்தூர்பேட்டைக்குக் குடி போய்ட்டாளே."

"நல்லதாப் போச்சு. பஸ்ஸுக்கா பஞ்சம்? எங்க அக்கா வூடும் அங்கதான இருக்குது."

"இல்ல, இப்ப அங்கயும் இல்ல. கல்வராயன் மலைக்குப் போய்ட்டா. வெள்ளிமலையில துணி தெக்கிறாளாம்."

விஜயலட்சுமியின் முகம் மலர்ந்துவிட்டது. "கல்வராயன் மலையா? கல்யாணமான புதுசுல கூட்டிக்கினு போறேன்னு சொன்னீங்க. மாடியில நின்னா மல தெரியுது. இன்னும் ஒரு தடவகூட ஏறல."

அதனால்தான் இந்தக் கொலை.

சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். "விஜி, சுபஸ்ரீ போய்ட்டா. மாரடைப்பு."

அவள் அவனையே வெறித்தாள். "நல்லாத்தான இருந்தா?" என்றாள். குரலில் அழுகையைவிடக் கோபம் ஜாஸ்தியாக இருந்தது. நாளைச் சாயங்காலம் அவளிடம் என்ன பேசுவது என்று அன்புச்செல்வனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரப்பட்டு இருந்த ஒரே பேச்சையும் எடுத்துக் கிணற்றில் போட்டாயிற்று.

விஜயலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்லதுக்குப் போவலன்னாலும் கெட்டதுக்குப் போவணுங்க. நாளைக்கு நம்ம வூட்டுக்கு நாலு பேரு வர வேணாமா?"

விடிந்ததும் வாசலில் வேன் நின்றது. எதிர்வீட்டுப் பால்காரி ஆயம்மாள் தலைமையில் தெருப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆயம்மாள் ஒப்பாரி எடுத்தால் செத்தவரே எழுந்து உட்கார்ந்து கேட்பார் என்று ஊரில் பேச்சு.

"உனக்கு அவளத் தெரியவே தெரியாதேம்மா?" என்றான்.

"தெரிஞ்சாத்தான் அழுவணுமா தம்பி?"

மடியில் மாலையோடு முன்சீட்டில் உட்கார்ந்தான். கச்சிராயபாளையம் தாண்டியதும் பின்னாலிருந்து புளிச்சோற்று வாசனை வந்தது.

"சாவு வூட்டுக்குப் புளிச்சோறா?"

"அங்க அடுப்பு பத்த வப்பாங்களா?" என்றாள் விஜயலட்சுமி.

"துணி மூட்ட எதுக்கு?"

"சாவுக்குப் போய்ட்டு தலைக்கு ஊத்தாம வூட்டுக்குள்ள வரலாமா? அருவியிலயே குளிச்சிக்கலாம்."

சாஸ்திரத்தில் ஓட்டை இல்லை.

வேன் மலை ஏறியது. விஜயலட்சுமி ஜன்னலோரம் முகத்தை வைத்து, வளைவுக்கு வளைவு கீழே இறங்கிப்போகும் ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காற்றில் முடி கலைந்தது. கையில் காபி மட்டும்தான் இல்லை. கண்ணாடியில் பார்த்த அன்புச்செல்வனுக்கு, பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டும் போல் ஆசை பொங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குட்டு உடைந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் "சோறு போடவா?"தான்.

வெள்ளிமலை வந்தது. டிரைவர் வெற்றிவேல் திரும்பினான். "சார், சாவு வூடு எந்தப் பக்கம்?"

அன்புச்செல்வன் மாலையும் கையுமாக இறங்கினான். பெண்களும் இறங்கினார்கள்.

"விஜி, என்ன மன்னிச்சிடு. அப்பிடி ஒருத்தி இல்லவே இல்ல. அது நான் படிக்கிற நாவல். உங்கிட்ட பேசணும்னு ஆசையா இருந்துது. கதன்னு சொன்னா நீ எழுந்து போய்டுவேன்னு பயந்துட்டேன்."

விஜயலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மலைப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவனுக்குப் பதறியது.

ஆயம்மாள் முறுக்கு டப்பாவைத் திறந்து ஒன்றைக் கடித்தாள்.

"தெனம் மத்தியானம் விஜிதான தம்பி அத்த எங்களுக்குப் படிச்சுக் காட்டுறா, கடேசி பக்கம் வரிக்கும் சுபஸ்ரீ உசுரோடத்தான் இருக்கா, கதன்னு தெரியும்னு சொன்னா நீ பேசறத வுட்டுடுவேன்னு பயந்துக்கினுதான் இவ வாயத் தொறக்கல!"