ஃபுல்லர் குலப் பெருமை

உலகில் பரம்பரை என்று ஒன்று உண்டென்றால் அது ஃபுல்லர் பரம்பரைதான். மற்றவர்களெல்லாம் சும்மா பிறந்தவர்கள். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்து மானுடத்துக்கு அருளியவர், இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிராம்பிள்டன் என்னும் ஊரில் வாழும் திருவாளர் மார்ட்டிமர் ஃபுல்லர். நகராட்சியில், தப்பான இடத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்கு அபராதம் போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து நாட்டைப் பிடித்த மன்னருக்குப் பக்கத்துக் குதிரையில் வந்தவர்தான் ஃபுல்லர் குலத்தின் மூலபுருஷர் என்பது அவருடைய 'ஆய்வின்' முடிவு. ஆதாரம்? மார்ட்டிமரின் மூக்கு. அப்படியொரு மூக்கு குதிரைமேல்தான் உருவாகியிருக்க முடியும் என்று அவரே பல கூட்டங்களில் விளக்கியிருக்கிறார். 'அனைத்துலக ஃபுல்லர் குலப் பேரவை' அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. பேரவையில் மொத்தம் ஆறு பேர். அதில் இரண்டு பேர் எலுமிச்சை கேக்குக்காக வருபவர்கள்.

இப்பேர்ப்பட்ட குலத்துக்கு வந்தது சோதனை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கும் அவருடைய ஒரே மகள் ஹெஸ்டர், மேற்கே டெவன் பக்கத்து மாட்டு வைத்தியர் ஜேகோ டக்கரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டாள். டக்கர் என்றால் தமிழில் பாராட்டு. மார்ட்டிமர் வீட்டில் அது வசவு.

"தங்கமான பையன்ப்பா."

"பையனை யாரு குறை சொன்னா? பேரைச் சொல்றேன். டக்கர்னா யாரு தெரியுமா? துணி மிதிக்கிறவன்! தொட்டிக்குள்ள இறங்கி, வெறுங்கால்ல, நாள் முழுக்க மிதிமிதின்னு மிதிச்ச கூட்டம்! அந்த வீட்டுக்கு ஒரு ஃபுல்லர் பொண்ணா?"

அடுத்தவர் பெயர்களை மட்டும் அவர் மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்து வைத்திருந்தார். ஹெஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா டாஃப்னி மேசைக்கடியில் அவள் காலை ஒரு மிதி மிதித்தாள்.

"டீ ஆறுது, குடிங்க," என்றாள் டாஃப்னி.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்ப்பா," என்றாள் ஹெஸ்டர். "கல்யாணத்தன்னிக்கு கோயில் வாசல்ல இருந்து என் கையைப் பிடிச்சு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். சின்ன வயசுல இருந்து ஆசை."

"ஒரு டக்கர்கிட்ட கொண்டுபோய் விடறதுக்கு என் கை வராது."

ஹெஸ்டர் எழுந்து போய் அழுதாள். மார்ட்டிமருக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனால் குலம் என்று வந்துவிட்டால் நெஞ்சையெல்லாம் பார்க்க முடியுமா?

கல்யாண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஃபெலிசிட்டி அம்மா கேட்டுவிட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். அந்த நேரத்தில் இருமுவதைக்கூட அந்த ஊர் மக்கள் அநாகரிகம் என்று கருதினார்கள். மூன்றாவது ஞாயிறன்று மார்ட்டிமர் எழுந்து நின்றார்.

"தடை இருக்கு!"

போதகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன மிஸ்டர் ஃபுல்லர்? மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சா?"

"அதைவிட மோசம். அவன் டக்கர்."

"பேரெல்லாம் சட்டப்படி தடை ஆகாதுங்க."

"சட்டம் வேற, ரத்தம் வேறம்மா! மன்னருக்குப் பக்கத்துக் குதிரையில வந்த குலம், தொட்டியில துணி மிதிச்ச குலத்தோட..."

ஹெஸ்டர் எழுந்தாள். இனி அம்மாவின் கால் எட்டாது. "அப்பா, ஃபுல்லர்னாலும் அதேதான்ப்பா."

"எது அதேதான்?"

"துணி மிதிக்கிறவங்க. இந்தப் பக்கம் ஃபுல்லர்னாங்க. மேற்கே டக்கர்னாங்க. வடக்கே வாக்கர்னாங்க. வேலை ஒண்ணுதான். நெய்த கம்பளியைத் தொட்டியில போட்டு, ஊரார் வீட்ல சேர்த்து வச்ச புளிச்ச மூத்திரத்தை ஊத்தி, உள்ள இறங்கி மிதிப்பாங்க. அப்பதான் எண்ணெய்ப் பிசுக்கு போகும்."

தேவாலயத்தில் அந்தச் சொல் ஒலித்தது அதுவே முதல் தடவை. மார்ட்டிமர் சபையைத் திரும்பிப் பார்த்தார். சபை குனிந்து தன் காலணிகளைப் பார்த்தது.

"டாஃப்னி, உனக்குத் தெரியுமா இது?"

"உங்களைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்ங்க. நீங்க சந்தோஷமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?"

காணிக்கைத் தட்டோடு நின்றிருந்த கோயில் நிர்வாகி ஸ்டான்லி வாக்கர் தொண்டையைச் செருமினார். வடக்கே யார்க்ஷயர்க்காரர். "ஊருக்கே தெரியும் மார்ட்டிமர். சொன்னா நல்லாவா இருக்கும்? மன்னிச்சுக்கோங்க. நானும் அதே தொட்டிதான்."

ஊரின் பண்பாடு அப்படி. எதிரில் இருப்பவர் மீசையில் தீப்பிடித்தாலும், இன்றைக்கு வெயில் கொஞ்சம் பரவாயில்லை என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

சனிக்கிழமைக் கல்யாணத்துக்காக முன்கூட்டியே வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா லவ்டே டக்கர் முன்வரிசையிலிருந்து திரும்பினாள். "உக்காருங்க சம்பந்தி. பரம்பரையா நின்னு பழகின காலுதான், இருந்தாலும் வயசாச்சில்ல?"

ஆராதனை முடிந்ததும், பேரவையின் அவசரக் கூட்டம் பக்கத்துக் கூடத்தில் தேநீர்ப் பாத்திரத்தின் அருகே நின்றபடியே நடந்தது. தலையில் இப்படியொரு இடி விழுந்தால் சாதாரண மனிதன் சுருண்டு விழுந்திருப்பான். 'ஆய்வாளர்' விழலாமா? அரைக் கோப்பை தேநீர் உள்ளே போனதும் மார்ட்டிமரின் முகம் பளிச்சென்று ஆனது.

"ஹெஸ்டர், இங்க வாம்மா! அந்தக் காலத்துல இந்த ஊர்ல கோட்டை இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு."

"அப்படின்னா நம்ம தொட்டிக்கு வந்தது கோட்டையில இருந்து! பிரபுக்களோடது! டெவன்ல யாரு? மீன் பிடிக்கிறவன். யார்க்ஷயர்ல ஆடு மேய்க்கிறவன். எதுல மிதிச்சோம்கிறதாம்மா பெருசு? யாரோடதுல மிதிச்சோம்கிறதுதான் பெருசு!"

பேரவை வாய் நிறையக் கேக்கோடு கையைத் தூக்கி, 'உயர்குடிச் சிறுநீர்த் தீர்மானத்தை' ஏகமனதாக நிறைவேற்றியது. மார்ட்டிமருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பெருந்தன்மை பொங்கியது.

"சரிம்மா, சனிக்கிழமை வரேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டும் போறேன். ஆனா டக்கர் வீட்டு ஆளுங்க நமக்கு ஒரு வரிசை பின்னாடிதான் உக்காரணும். ஆமா!"

ஹெஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அப்பா, மிதிச்சவங்க எல்லாரும் பொழுது சாஞ்சதும் தொட்டியை விட்டு வெளிய வந்து, காலைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் இன்னும் உள்ளயே நிக்கிறீங்க. கழுவிட்டு வாங்க. கையைத் தரேன்."