விராலிமலை விரதமும் சீமைத் தக்காளியும்

இனிமேல் இந்த ஜென்மத்தில் தக்காளி என் தொண்டைக்குள் இறங்காது என்று 1959 தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய முடிவுதான். ஆனால் எடுத்தவன் அன்னவாசல் வட்டார ஆபீசின் கிராம சேவக் ரத்தினவேல். ஊர் ஊராகச் சைக்கிளில் போய், "தக்காளி போடுங்க, தக்காளி சாப்பிடுங்க" என்று கத்துவதுதான் என் உத்தியோகமே!

கத்துகிற தொண்டை வேறு, விழுங்குகிற தொண்டை வேறு. எனக்கு அந்தக் கொழகொழப்பு ஆகாது. விதையும் சாறும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்போது குடல் எழுந்து வெளியே வரப் பார்க்கும். இது மட்டும் வெளியே தெரிந்தால் என் கதை கந்தல். தாலுகாவே கைகொட்டிச் சிரிக்கும். ஆபீசர் ஆத்மநாதன் மெமோவைக் கையில் கொடுக்க மாட்டார், நெற்றியிலேயே ஒட்டிவிடுவார்.

ஆத்மநாதன் கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவர். கலர் படத்தை வேப்பமரத்தில் மாட்டி, குச்சியால் தட்டித் தட்டிப் பேசுவார்.

"இந்தச் செவப்புக்குப் பேரு லைகோபீன். சீமைத் தக்காளியில இருக்கு. தர்ப்பூசணியில இருக்கு. செவந்த பப்பாளி, செங்கொய்யா, எல்லாத்துலயும் இதே செவப்புதான்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விவசாயி உடையப்பன் துண்டை உதறினார். "மொளகாயிலங்க?"

"அது வேற செவப்பு."

"செங்கீரைத் தண்டுல?"

"அதுவும் வேற."

"எங்க வீட்டுல வெத்தலை போட்டா வாயி செவக்குதே, அது?"

"அது சுண்ணாம்பு வேலைங்க!"

"அடேயப்பா, ஒரு செவப்புல இம்புட்டு வில்லங்கமா!"

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "ஐயா, அந்தச் செவப்பு தண்ணியில கரையுமா, எண்ணெயில கரையுமா?"

ஆபீசர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "எண்ணெயிலதாம்மா! எண்ணெய் விட்டு வதக்கினா எண்ணெயே செவந்துரும். கேள்வின்னா இது கேள்வி! யாரும்மா நீங்க?"

என் மனைவி பொன்னுத்தாய்தான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்போதே ஓடியிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து வீட்டில் தக்காளி ராஜ்ஜியம். ரசத்தில் மிதந்தது. பச்சடியில் படுத்திருந்தது. தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கேட்டால் தொக்கு. தர்ப்பூசணியும் பப்பாளியும் கூட வந்தன. அவற்றோடு எனக்கு விரோதம் இல்லை. இந்தத் தக்காளிதான்! வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பொன்னுத்தாய் மாதர் சங்கத்தில் இருக்கிறாள். அவளிடம் சொன்னால் மைக் வைத்த மாதிரி.

எப்படியாவது தப்பியாக வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வழக்கம்போல் கடையில் ஒரு சுருட்டுக்கட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியை அப்பிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"எங்க போயிட்டு வாரீங்க?"

"விராலிமலைக்கு. முருகன்கிட்ட ஒரு வேண்டுதல் வச்சுட்டேன் பொன்னு."

"என்னன்னு?"

"ஒனக்கு அடிக்கடி ஒத்தைத் தலைவலி வருதுல்ல? அது தீரணும்னு, எனக்கு ரொம்பப் பிடிச்சதை ஒரு மண்டலம் தொடுறதில்லைன்னு சொல்லிட்டேன்."

"எதை?"

தலையைக் குனிந்துகொண்டேன். குரலைத் தழுதழுக்க வைத்தேன். "தக்காளியை."

அவள் கண் என் சட்டைப்பைப் பக்கம் ஒரு தடவை போய் வந்தது. "எனக்காகவா?"

"ஒனக்காக உசிரையே குடுப்பேன். தக்காளி என்ன பெருசு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிதான். சோறு போட்ட உடனே போய்விட்டது.

அன்று ராத்திரி வைத்தாள் பாருங்கள் ஒரு பருப்புருண்டைக் குழம்பு! மேலே செக்கச்செவேல் என்று எண்ணெய் மிதந்தது. ஒரு விதை இல்லை, ஒரு தோல் இல்லை. வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

"என்ன புள்ள, இம்புட்டுச் செவப்பா இருக்கு?"

"நல்லா வதக்கினா அப்பிடித்தாங்க இருக்கும்."

"இத்தனை நாளா ஏன் இப்பிடி வைக்கலை?"

"நீங்க விரதம் இருக்கலையே."

தினமும் அந்தக் குழம்பு. நாலு வாரத்தில் இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போட வேண்டியதாயிற்று. விரதம் இருந்து பெருத்தவன் நான் ஒருத்தன்தான்.

பொன்னுத்தாய் சும்மா இருப்பாளா? சங்கத்தில் சொல்லிவிட்டாள். அடுத்த வீட்டுச் செவந்தி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே! அக்காவுக்காக உசிரான தக்காளியை விட்டுட்டீங்களாமே! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குதே, எனக்காக ஒரு வெத்தலையை விடுமா?"

"என்ன செய்யிறது செவந்தி, பாசம்!"

பாசம் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. ஆத்மநாதன் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரத்தினவேல்! தக்காளியை விடுறதே பெரிய தியாகம்னு ஜனங்க பேசிக்கிறாங்க. இதைவிடப் பிரசாரம் ஏது? ஒங்க விரதம் முடியிற அன்னிக்கு நாம தக்காளி விழா வைப்போம். மொதல் பழத்தை நீங்கதான் சாப்பிடணும். மேடையில. பச்சையா!"

"சார்..."

"மூணு பழம்!"

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதே யோசனை. மேடையில் குமட்டினால்? எட்டு ஊர் ஜனம் பார்க்க, சேவக்கே வாந்தி எடுத்த பழத்தை எவன் பயிரிடுவான்? என் வேலை அதோடு சரி.

"பொன்னு, வெறும் வயித்துல பச்சையாச் சாப்பிட்டு விரதம் முடிக்கலாமா?"

"கூடாதுங்க. அடுப்பேத்திச் சமைச்சு, சாமிக்குப் படைச்சிட்டுத்தான் சாப்பிடணும்."

"அதைக் கொஞ்சம் ஆபீசர்கிட்டச் சொல்லேன்."

"நாளைக்கே சொல்லிடுறேன். சமையல் நான்தான்."

அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? நான் பச்சையிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

பங்குனியில் விழா. பந்தல், தோரணம், படையல். கற்பூரம் காட்டி முடித்ததும் என்னை மேடையில் இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். உடையப்பன் முதல் ஆளாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுத்தாய் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி ஊற்றினாள். நான் கண்ணை இறுக மூடினேன். முருகா என்றேன். விழுங்கினேன்.

கண்ணைத் திறந்தேன். இன்னொரு வாய் சாப்பிட்டேன். இது என் குழம்பு! நாற்பத்தெட்டு நாள் வழித்து நக்கிய அதே குழம்பு!

"சாப்பிடுறாரய்யா! பொய் இல்லை, உசிராத்தான் சாப்பிடுறாரு!" என்று உடையப்பன் கத்தினார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. அன்றைக்கே நூற்றுச் சொச்சம் பேர் நாற்று வாங்கிப் போனார்கள். என் மானம் பிழைத்தது.

நான் பொன்னுத்தாயின் காதோடு கேட்டேன். "தக்காளி எங்க?"

"இதுதாங்க."

"அப்ப வீட்டுல தெனமும்..."

"தெனமும்தான். எண்ணெயில வதக்கி, தோலையும் வெதையையும் துணியில வடிச்சுட்டேன். ஒங்களுக்குக் கொழகொழப்புதானே ஆகாது? வெதையை எல்லாம் ஓரமா ஒதுக்கி வச்சதைப் பாத்தேனே."

"மொத நாள்லேருந்தா?"

"மொத நாள் ராத்திரியிலேருந்து."

"அடிப்பாவி! என் விரதம் என்னாகுறது?"

"எந்த விரதம்? விராலிமலைக்குப் போயிட்டு வந்தவரு சட்டைப்பையில சுருட்டுக்கட்டு நூல்கூடப் பிரிக்காம இருந்துச்சு. அந்த முருகனுக்குச் சுருட்டுப் படைக்காம எவன் மலையை விட்டு எறங்குவான்?"

எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தேன். கீழே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னா குத்தம்ங்க. அதான் ஒங்களுக்காக நானே நெசமா ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன். ரொம்பப் பிடிச்சதை ஒரு மண்டலம் விடணும்."

"தக்காளியா?" என்றேன். என்னை அறியாமல் இலையைக் கையால் மறைத்துக்கொண்டேன். விட மனசில்லை, பாருங்கள்.

"சுருட்டு."

அடுத்த செவ்வாய்க்கிழமை நிஜமாகவே விராலிமலை ஏறி, முழுக் கட்டையும் முருகனுக்குப் படைத்துவிட்டு இறங்கினேன். அடிவாரத்தில் பொன்னுத்தாய் என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்த பிறகுதான் பஸ் ஏற விட்டாள்.