அணைக்காத கம்ப்யூட்டருக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டாம் நாள்

காரைக்குடி,
வியாழக்கிழமை

கண்டரமாணிக்கத்தில் இருக்கும் அன்பு மச்சான் ஆரிஃபுக்கு, உங்கள் அக்கா நபீஸாவின் கணவன் சபியுல்லா சலாம் சொல்லி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன், உங்கள் கம்ப்யூட்டரைத் தவிர.

உங்களுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி கிடைத்து மிக்க மகிழ்ச்சி. நபீஸா அன்றே பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். நான்தான் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னேன். யாருடைய கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் இல்லாமல் அதிக நாள் ஓடும் என்று ஒரு கல்யாண வீட்டில் நாம் மல்லுக்கு நின்றதும், எவருடையது முதலில் அணைகிறதோ அவர்தான் மற்றவர் வீட்டுப் படியேற வேண்டும், அதுவரை போக்குவரத்தே கிடையாது என்று சபையில் பேசியதும் உங்களுக்கு மறந்திருக்காது.

என்னுடையது இன்றோடு எண்ணூற்றுப் பன்னிரண்டு நாளாக ஓடுகிறது. சாக்கோட்டையிலிருந்து இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, ஓடுகிற கம்ப்யூட்டரை யூபிஎஸ்ஸோடு ஆட்டோவில் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. ஒரு டீக்கடையில் கெஞ்சி பிளக்கில் சொருகினேன். சார்ஜ் ஏறுவதற்குள் ஆட்டோக்காரர் என் பேரில் ஆறு டீ குடித்தார். "ஆஸ்பத்திரிக்கா கொண்டு போறீக?" என்று கடைக்காரர் கேட்டார். போன மழைக்கு ஓடு ஒழுகியதும் கட்டிலை அதற்குக் கொடுத்துவிட்டு நான் தரையில் படுத்தேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் அதற்குத்தான் முதல் மரியாதை, எங்களுக்குப் பனையோலை விசிறி. அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று அது கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்பதையே அமுக்கினேன். அதுவும் சலிக்கவில்லை, நானும் சலிக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டவன் எப்படி இறங்கி வருவது? அதனால் உங்களுடையதை அணைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்குட்டு வாருங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். உள்ளதைச் சொன்னால், நாற்பது நாளாக அந்தக் குழந்தையைப் பார்க்காமல் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

பிள்ளை பெற்ற தங்கச்சி பர்வீன் பானுவுக்கும் குழந்தைக்கும் அல்லாஹ் நிறைந்த ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
சபியுல்லா

பின்குறிப்பு: கடிதத்தை நபீஸாவிடம் படித்துக் காட்டினேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை தவறாம, நீங்க ஜும்மாவுக்குப் போனதும் நான் ஆஃப் பண்ணித் தொடச்சு வச்சு, நீங்க வர்றதுக்குள்ள போட்டு விட்டுருவேன். பாவம், அனலாக் கொதிக்குது" என்கிறாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றால், "நீங்க கேக்கலையே. மொத வாரமே தோத்துட்டீக, கெளம்புங்க" என்கிறாள். பை மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது. கடிதத்தை இன்றே பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளை ஜும்மா முடிந்ததும் வருகிறோம். என்னைத் தோற்றவன் என்று வரவேற்பதற்கு முன்னால், பர்வீன் பானுவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.