அலமாரிக்கு வந்த சோதனை

அந்த அலமாரியை வீட்டை விட்டு விரட்டாமல் ஓய்வதில்லை என்று அற்புதசாமி சபதம் எடுத்தார். ஜன்னலோரம் அவருடைய சாய்வு நாற்காலி இருந்த இடத்தில், மனைவி பாக்கியமேரி வாங்கிய புது பிளைவுட் அலமாரி வந்து உட்கார்ந்துகொண்டது. நாற்காலி சமையலறை வாசலுக்குப் போனது. சிம்மாசனம் பறிபோனால் எந்த ராஜாதான் சும்மா இருப்பார்?

அற்புதசாமி திருச்சிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பேராசிரியர். ஆயுதத்துக்கா பஞ்சம்?

"மேரி, இந்தப் பலகையை ஒட்டுற பசையிலேருந்து ஃபார்மால்டிஹைடுன்னு ஒரு வாயு வருது. விஷம்! என் கண்ணு எரியுது பாரு."

"எனக்கு எரியலையே?"

"எரியற வரைக்கும் விட்டுடுவேனா? மீட்டர் கொண்டாந்து அளந்து காட்டுறேன். எதுலேருந்து வாயு வருதோ அதை வெளிய தூக்கி வெச்சிடணும். சம்மதமா?"

"சம்மதங்க. அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

சனிக்கிழமை கல்லூரி ஆய்வகத்து மீட்டரோடு வந்தார். வாயு அளவு மீறினால் அது கீச்சென்று கத்தும். நேரே அலமாரியிடம் நீட்டப் போனவரைப் பாக்கியமேரி தடுத்தாள்.

"முதல்ல தெருக்காத்தை அளப்போம். வெளிய எவ்வளவு இருக்குன்னு தெரியாம வீட்டுக்காத்தைக் குறை சொல்லலாமாங்க?"

அற்புதசாமி பூரித்துப் போனார். அவருடைய மாணவர்களில் ஒருவனுக்காவது இது தோன்றியிருக்குமா! இவளைக் கட்டக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பாலக்கரைத் தெருவில் பஸ் புகைக்கு நடுவிலும் மீட்டர் கத்தவில்லை. அலமாரிக்குள் விட்டார்கள். அங்கேயும் கப்சிப்.

"வாங்கின புதுசுலயே, நீங்க காலேஜ் போனப்புறம், பலகை பலகையா மொட்டை மாடியில பங்குனி வெயில்ல காயப்போட்டேன். வாடை போனப்புறம்தான் ஆசாரியைக் கூப்பிட்டு ஒண்ணா சேர்த்துப் பூட்டினேன்."

தோற்றாலும் மனைவி மேல் மரியாதை ஒரு படி கூடியது. "சரி, மீட்டரை எடுத்து வெச்சிடுறேன்."

"இருங்க. வந்ததுதான் வந்துச்சு, வீடு பூரா அளந்துடலாம்."

கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் சுத்தம். குளியலறைக் கதவைத் திறந்ததும் மீட்டர் கத்தி ஊரைக் கூட்டியது.

அற்புதசாமிக்கு வியர்த்தது. ஈஸ்டர் வரைக்கும் இந்தத் தவக்காலத்தில் சிகரெட்டைத் தொடுவதில்லை என்று கோயிலில் மாதாவுக்கு முன்னால் சத்தியம் செய்தவர் அவர். அளக்கத் தொடங்கும் முன் அங்கே குளித்துவிட்டு வந்தவரும் அவர்தான்.

"இங்க பலகையே இல்லையே. வேற எதுலங்க இந்த வாயு வரும்?"

"அது வந்து... சிகரெட் புகையிலயும்..." படித்த படிப்பு பொய் சொல்ல விடவில்லை.

பாக்கியமேரி கோபப்படவே இல்லை. சாய்வு நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் நீங்க பிடிங்க. மொட்டை மாடியில அலமாரி காஞ்ச இடம் காலியாத்தான் இருக்கு. வாடை போனதும் உள்ள வாங்க."