வெள்ளையை நம்பாத சாம்பல் அண்ணன்

ஓசூர் வட்டாரத்தில் நிறத்தைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்த ஆள் கிடையாது. கலர் லேபில் பதினோரு வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவன் நான். சரி, பொய். பதினோரு வருஷம் நிஜம். பார்க்கிற வேலை ஆல்பத்துக்கு அட்டை ஒட்டுவது. அங்கே என் பெயரே கோந்து. இன்றைக்கும் சட்டைக்குப் பொருத்தமான பேன்ட்டை என் மனைவிதான் எடுத்து வைக்கிறாள். அவள் ஊருக்குப் போன நாளில் தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

விவரம் தெரிந்தவர் எங்கள் லேப் சாம்பல் அண்ணன். இந்த உலகத்தில் வெள்ளை நிறத்தையே நம்பாத ஒரே மனிதர். பால் வெள்ளை என்று யாராவது சொன்னால், "எந்த லைட்ல பாத்தே?" என்று கேட்பார்.

அவருக்குச் சொந்த ஊர் சிவமொக்கா. கணக்குப் போடுவது கன்னடத்தில், திட்டுவது தெலுங்கில், மீதியெல்லாம் தமிழில்; ஆளைக் கூப்பிடுவது மட்டும் 'மாராயா' என்று கன்னடத்தில். போட்டோகிராபர்கள் கொண்டுவரும் கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு நிறம் சரிசெய்வார். திரையில் தெரிவதும் காகிதத்தில் வருவதும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மாப்பிள்ளையின் காதுக்காக மூன்று தரம் பிரிண்ட் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். காது ஓரத்தில் கொஞ்சம் பச்சை தட்டியதாம். எனக்குக் காதுதான் தெரிந்தது.

பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண் ஏமாந்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால் அறைச் சுவர் சாம்பல், திரைச்சீலை சாம்பல், மேஜை சாம்பல், அவர் சட்டை ஐந்தும் சாம்பல். கலர்ச் சட்டையோடு யார் உள்ளே வந்தாலும், சலூனில் போர்த்துவதுபோல ஒரு சாம்பல் துணியைப் போர்த்திவிடுவார்.

ஒரு தடவை ஒரு கட்சிக்காரர் மகள் கல்யாண ஆல்பத்துக்காக வந்தார். தோளில் பளபளவென்று கட்சித் துண்டு.

"துண்ட எடுத்துட்டு இத போத்திக்கங்க சார்."

"யோவ், என் துண்டையா எடுக்கச் சொல்ற? முப்பது வருசமா தோள்ல கெடக்குது!"

"கட்சி வெளிய இருக்கட்டும் சார். உள்ள வந்தா எல்லாரும் சாம்பல்தான்."

அந்த மனுஷன் அதைப் பெரிய தத்துவம் என்று எடுத்துக்கொண்டு, கண்கலங்கித் துணியைப் போர்த்திக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் மைக் பிடித்து அதையே பேசினாராம்.

திங்கட்கிழமை காலை என்றால் திரைக்கு மருத்துவம். கருப்பாக ஒரு குட்டி டப்பாவை மானிட்டர்மேல் தொங்கவிடுவார். திரையில் வரிசையாக நிறங்கள் ஓடும். எது கூடுதல், எது குறைச்சல் என்று டப்பா அளந்து சரிசெய்யும். அது முடிகிறவரை நாங்கள் இருமக்கூடாது. ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரம் டப்பாவை என் நெற்றியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்து பார்த்தார்.

"ரிசல்ட் வராது கோந்து. உள்ள ஒண்ணும் இல்ல."

இப்படிப் போய்க்கொண்டிருந்த லேபுக்கு, ஒரு வருஷம் ஆல்பங்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

"என்ன சார், பொண்ணு நீலமா இருக்கு? மார்கழிக் குளுருல நிக்க வெச்சு எடுத்தீங்களா?"

அண்ணன் ஆல்பத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் அச்சு அசல் ஒன்று. அவர் வேலையில் குற்றமே இல்லை. பிறகு எங்கே தப்பு? காகிதத்தைச் சந்தேகப்பட்டார். மை மாற்றினார். விளக்கு மாற்றினார். புது டப்பா வரவழைத்தார். பழைய டப்பா சொன்னதையே புது டப்பாவும் சொன்னது. கடைசியில் என்னைப் பார்த்தார்.

"மஞ்ச சட்டை போட்டுட்டு வராதே மாராயா. எல்லாம் மஞ்சளா தெரியுது."

அன்றைக்கு நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. என் மனைவி எடுத்து வைத்தது, அதனால் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. டப்பா திரையைத்தான் அளக்கும். முகத்துக்கு எவ்வளவு சிவப்பு, எவ்வளவு மஞ்சள் என்பதை முடிவு செய்வது அண்ணனுடைய கண். அந்தக் கண்ணில் புரை விழுந்து மஞ்சளாகியிருக்கிறது. பார்க்கிற முகமெல்லாம் மஞ்சளாகத் தெரிய, அவர் மஞ்சளைக் குறைத்து நீலத்தை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

யாராவது சொல்ல வேண்டும். முதலாளி நழுவிவிட்டார். நிறம் தவிர அண்ணனுக்கு வேறு எதுவும் கிடையாது. கண் தப்பு என்றால் அவரே தப்பு என்று ஆகிவிடும். அத்தனை வருஷமும் அவரிடம் பொய்யும் கிண்டலுமாகவே பேசியவன் நான். ஊரில் வேறு ஆளே இல்லாததுபோல அது என் தலையில் விழுந்தது.

"அண்ணா, பேப்பரு சரியா இருக்கு. டப்பாவும் சரி. உங்க கண்ணுதாண்ணா."

சிரித்தார். "சரி, அடுத்து?"

"அடுத்து ஒண்ணும் இல்லண்ணா."

"இதுக்கு எப்ப சிரிக்கணும்?"

நான் சிரிக்காமல் நின்று அவர் பார்த்ததே இல்லை. டப்பாவை எடுத்துத் துடைத்தார்.

"இத என் கண்ணுல மாட்ட முடியாதில்ல" என்றார்.

கிருஷ்ணகிரியில் ஆபரேஷன். முதலில் வலது கண் மட்டும். கட்டுப் பிரித்தவுடன் வீட்டுக்குப் போகாமல் நேராக லேபுக்கு வந்து ஒரு ஆல்பத்தைத் திறந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார். பத்து தரம் மாற்றி மாற்றி.

"எடது கண்ணுக்கு மாநெறம். வலது கண்ணுக்கு நீலம். எத்தன வீட்டுல எத்தன பேரை இப்படி வெறைக்க வெச்சிருக்கேன் மாராயா!"

அந்த ஒரு வருஷத்துப் படங்களை எல்லாம் திருத்திப் புதிதாகப் பிரிண்ட் போட்டு, வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். என் மொபெட்டில் பின்னால் அவர், அவர் மடியில் அட்டைப்பெட்டி. உத்தனப்பள்ளியில் எங்களைத் துரத்திவிட்டார்கள். ஏதோ விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். கல்லாவியில் ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள்:

"போட்டோவ மாத்தித் தரீங்க, சரி. அதுல பக்கத்துல நிக்கிற ஆளையும் மாத்தித் தருவீங்களா?"

"அது எங்க லேப்ல வராதும்மா" என்றார் அண்ணன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வேப்பனப்பள்ளியில் ஒரு மாந்தோப்பு வீடு. கூடத்துச் சுவரில் மாட்டிய படம். கல்யாணக் கோலத்தில் பெண்ணும், பக்கத்தில் அவள் அப்பாவும். எங்கள் லேபில் போட்ட நீலம்தான்.

"கல்யாணம் முடிஞ்ச மாசமே நெஞ்சுவலில அப்பா போய்ட்டாருங்ணா" என்றாள் அந்தப் பெண். "இதுல பாருங்க, அன்னிக்கே மூஞ்சி வெளுத்து, ஒதடெல்லாம் கருத்து நிக்கறாரு. நான் பாட்டுக்கு நெத்திச்சுட்டிய சரி பண்ணிட்டு நின்னேன். பக்கத்துல நின்ன மனுசன ஒரு தரம் திரும்பிப் பாக்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் பெட்டியைத் திறந்து புதுப் படத்தை எடுத்தார். "வெளிச்சத்துக்கு வாம்மா" என்றார். அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வெத்தல போட்டிருக்காருண்ணா! வாய் எப்படி செவந்திருக்கு பாருங்க. சம்பந்திக்கு வெச்ச தட்டுல இருந்து எடுத்துப் போட்டிருக்காரு, திருடன்!" சிரித்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நல்லாத்தாண்ணா இருந்திருக்காரு."

"நல்லாத்தான் இருந்தாரும்மா" என்றார் அண்ணன். "கொறை என் கண்ணுலதான்."

அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த கண்ணும் சரியானபிறகு, அக்கா தனியாக இருக்கிறார் என்று சிவமொக்காவுக்கே போய்விட்டார். லேபில் இப்போது வேறு ஒருவர். நல்ல வேலைக்காரர், சிவப்புச் சட்டை போடுகிறார், நான் சொல்லும் ஜோக்குக்கெல்லாம் உடனே சிரித்துவிடுகிறார். அதில் எனக்கு ஒரு சுகமும் இல்லை. சாயங்காலம் ஆனால் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே மேகம் கூடினால் அண்ணன் கூப்பிடுவார். "ஓசூர் வானம் இப்ப என்ன கலரு?" கருப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எந்தக் கருப்பு என்பார்.

வேப்பனப்பள்ளிக் கதையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. திரும்பி வரும் வழியில், தோப்பு முடிகிற இடத்தில் அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, என் தோளில் கை வைத்து, "அன்னிக்கு நீ சிரிச்சிருந்தா கோந்து..." என்று...

இருங்கள், போன் அடிக்கிறது. அவர்தான். நான் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சொன்னால், அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டுபிடித்துவிடுவார்.