சௌந்தரம் முன்னறிவிப்பின்றி நின்றமை குறித்து

சிதம்பரத்தில் உள்ள ஓர் அலுவலகத்தில், ஊழியர் அனைவரும் புதன்கிழமைதோறும் மிதிவண்டியில் வர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை பிறந்தது. பிறப்பித்தவர் புதிய அலுவலர் இளவரசு. பத்து நாள்களுக்கு முன் அவர் இருபத்தொரு கியர் பூட்டிய மிதிவண்டி ஒன்றை வாங்கியிருந்தார். தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு, ஆரஞ்சுக் கண்ணாடி ஆகியனவும் வந்து சேர்ந்தன. இவற்றைத் தாம் ஒருவர் மட்டும் அணிந்து வந்தால் ஊர் சிரிக்கும் என்பதால், சுற்றுச்சூழலைக் காக்கத் தீர்மானித்தார்.

மேலவீதிச் சந்திப்பு விளக்கில் மிதிவண்டியோடு தன்னம்பிக்கையுடன் நின்று காட்டும் தேர்வில் தேறாதோர் காட்டுமன்னார்கோயில் கிளைக்கு மாற்றப்படுவர் என்றது சுற்றறிக்கையின் இரண்டாம் பத்தி. மிதிவண்டி ஓட்டத் தெரியாதவரைப் பேருந்தில் அத்தனை தொலைவு அனுப்பினால் எரிபொருள் எப்படி மிச்சமாகும் என்று எவரும் கேட்கவில்லை.

இளநிலை உதவியாளர் சௌந்தரத்துக்கு வயது நாற்பத்தாறு. மிதிவண்டியைத் தொட்டதில்லை. கணவருக்கு வெளியூரில் வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இந்த ஆண்டு மாற்றல் வந்தால், பெண் காலையும் மாலையும் பூட்டிய வீட்டில் தனியாக இருக்க வேண்டும். ஆகவே பக்கத்து மேசை ஜெயராணியிடம் சரணடைந்தார். அலுவலகத்தின் பின்புறம் பயிற்சி நடந்தது. முதல் இரண்டு நாள்களில் இரண்டு ஜோடிச் செருப்புகள் தேய்ந்தன.

"அக்கா, பிரேக் வேலைய ஏன் செருப்புக்குக் குடுக்குறீங்க? கையில ரெண்டு இருக்குதுல்ல!"

"எதப் புடிக்கணும்டி?"

"ரெண்டையும் மெதுவா சேத்துப் புடிங்க. முன்னாடி இருக்கறத மட்டும் புடிச்சா சைக்கிள் நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க."

"அப்பறம்?"

"இடது கால ஊனுங்க. ஊனிட்டா ஊரே கத்தினாலும் அசையாதீங்க."

தேர்வு நாள். அலுவலர் மேற்பார்வைக்காகப் பின்னால் வந்தார். சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னால் சென்ற ஜெயராணி நிற்காமல் கடந்துவிட்டார். சௌந்தரம் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தார். வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்பாக நின்றார். இடது காலை ஊன்றினார். பாடநூலில் படமாக அச்சிடத் தக்க நிறுத்தம். பின்னால் ஓர் ஆட்டோ அலறியது.

"என்னாம்மா, நடு ரோட்ல நின்னுகிட்டு வேடிக்க பாக்குற?"

"செவப்பு எரியுதுங்க."

"அது தெனம் எரியுது. அதுக்காவ நிப்பாங்களா?"

அக்கணம், ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு வந்த இளவரசு சௌந்தரத்தின் மீது மோதினார். இருபத்தொரு கியர்களையும் கற்றுத் தேர்ந்த அவர், பிரேக்குப் பாடத்தை இன்னும் எட்டியிருக்கவில்லை.

விசாரணை நடந்தது. விபத்தை மிக அருகில் இருந்து அறிந்தவர் இளவரசு என்பதால், விசாரணை அதிகாரியாகவும் அவரே, மாவுக்கட்டுப் போட்ட கையுடன் அமர்ந்தார்.

"ஏம்மா நின்னீங்க?"

"செவப்பு விளக்கு சார்."

"வேற யாராச்சும் நின்னாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நிக்கப் போறேன்னு எனக்கு முன்கூட்டியே எழுதிக் குடுத்திருக்கணுமா, இல்லியா?"

"நிக்கிறதுதான சார் தேர்வு?"

"தேர்வுன்னா நின்னு காட்டணும். அதுக்காவ நெசமாவே நின்னுடுறதா?"

அந்த விளக்கு வந்த நாள் முதல் அங்கே எவரும் நின்று கண்டதில்லை என்று முப்பத்தொரு சாட்சிகள் கையொப்பமிட்டனர். முப்பத்தொன்றாவது கையொப்பம் ஜெயராணியுடையது.

"நீயுமாடி?"

"நானும் அன்னிக்கு நிக்கலக்கா. மறுத்துப் பேசுனா என்னையும் அனுப்பிடுவாரு."

'பொதுமக்களின் நெடுநாள் வழக்கத்துக்கு மாறாகவும், முன்னறிவிப்பின்றியும் நின்றமையால்' சௌந்தரம் காட்டுமன்னார்கோயிலுக்கு மாற்றப்பட்டார்.

திங்கட்கிழமை காலை மகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினார். ஊர் எல்லைச் சந்திப்பில் சிவப்பு விளக்கைக் கண்டதும், வேலைக்குப் புதிதான ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். வண்டி பழுதோ என்று பாதிப் பேர் எழுந்துவிட்டனர். முதலில் எழுந்த குரல் சௌந்தரத்துடையது.

"எதுக்கால யாருமே வரலியே, போங்கண்ணே! பத்து மணிக்கு நான் கையெழுத்துப் போடணும்."

ஓட்டுநர் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பேருந்தை எடுத்தார்.