புள்ளி நைனாவும் முப்பது புஷ்ஷும்

காக்களூரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் பொறுமையைச் சோதித்தவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் புள்ளி நைனாவை மட்டும் வைத்தால், நைனா தட்டுதான் தரையில் இடிக்கும்.

எங்கள் கம்பெனியில் அச்சுத்தண்டில் மாட்டும் புஷ் என்ற இரும்பு வளையங்களைக் கடைகிறோம். எளாவூர்க்காரரான நைனா அளவு பார்ப்பவர். எதிரே யார் வந்தாலும், முதலாளியே ஆனாலும், 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். ஒரே தடவையில் கடைந்து முடிக்கும் ஒவ்வொரு லாட்டிலும் முப்பது புஷ்ஷை மைக்ரோமீட்டரில் அளந்து, வரிசை மாறாமல் முட்டை அட்டையில் அடுக்கி வைப்பார். அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் படமாகப் போடுவது என் வேலை. ஒரு புஷ்ஷுக்கு ஒரு புள்ளி; அளவு கூடினால் புள்ளி மேலே ஏறும்.

முதல் படத்தை வாங்கியதுமே விரல் வைத்து எண்ணினார்.

"நைனா, நான் அளந்தது முப்பது. இங்க ஏழுதான் கீது. மீதி இன்னா ஆச்சு?"

"ஒரே அளவு வந்ததெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துகினு இருக்குண்ணே."

"இது இன்னா ஷேர் ஆட்டோவா? எறக்கி வுடு எல்லாத்தையும்."

மென்பொருளில் ஜிட்டர் என்று ஒரு வசதி உண்டு. ஒட்டிக் கிடக்கும் புள்ளிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் காட்டும். அதைப் போட்டேன். உடனே அடுத்த உத்தரவு வந்தது.

"சைடுல எவ்ளோ வேணா தள்ளிக்கோ. மேல கீழ தள்ளுனா நான் அளந்தது பொய்யா பூடும்."

அதையும் செய்தேன். மறுநாள் அதே லாட்டை மறுபடி அச்செடுத்தபோது, இரண்டு தாளையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நேத்து இங்க இருந்தவன் இன்னிக்கு ஏன் அங்க பூட்டான்?"

"ஒவ்வொரு வாட்டியும் அது இஷ்டத்துக்குத் தள்ளும்ணே."

"எப்பவும் ஒரே மாதிரி தள்ளச் சொல்லு. பேஜாரா பூடும்."

தலையில் அடித்துக்கொண்டு, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த அப்புறம், வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஆள் வந்த அன்று வந்து சேர்ந்தது. அவர் கையில் நாங்கள் முன்பு அனுப்பிய படம். மேஜையில் நான் அப்போதுதான் அச்செடுத்தது. ஒரே லாட், புள்ளிகளோ வேறு வேறு இடத்தில்.

"அளக்காமலே போட்டு அனுப்புறீங்களா? ஆர்டரை நிறுத்திடுவோம்" என்றார்.

நைனா என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அளந்தவன் நான். என்னைக் கேளு நைனா" என்று அந்த லாட்டின் முட்டை அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். முப்பதையும் ஒவ்வொன்றாக மறுபடி அளந்து காட்டினார். புள்ளிகள் பக்கவாட்டில் எங்கே அலைந்திருந்தாலும், இரண்டு படத்திலும் உயரம் அளவை விட்டு இம்மி பிசகவில்லை. வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ கேட்டார்.

அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்தேன். மென்பொருளுக்குக் கொடுக்கும் கட்டளையில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதுமாக இருந்தது. இப்போது பட்டனைத் தட்டினால், யார் எத்தனை தடவை அச்செடுத்தாலும் அதே புள்ளி அதே இடத்தில் நிற்கும். அந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டு அவரைத் தலைகுனிய வைக்கப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு நைனாவை அவர் ஊர்ப்பக்கமான கும்மிடிப்பூண்டி யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தொல்லை விட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். இங்கே இப்போது புள்ளிகளை எண்ண ஆளில்லை. நானே தாளை ஜன்னலில் பிடித்து எண்ணிவிட்டு, அவருக்குப் போன் போட்டுச் சொல்கிறேன்: "முப்பதும் கீது நைனா."